சராசரியைச் சொல்லும் முன் ஸ்கோர் புத்தகத்தைப் பாருங்கள்

மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடை வரை துடுப்பாட்டக் கணக்குத்தான். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் 'வடக்கின் பெரும் போர்' நெருங்கும்போது, "அவன்ர சராசரி அறுபதாம்" என்று யாராவது சொல்வார்கள். நான் உடனே கேட்பது இதுதான்: எத்தனை இன்னிங்ஸ்? அதில் எத்தனை தரம் ஆட்டமிழந்தவன்?

இந்த இரண்டையும் கேட்காமல் சராசரியை நம்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்தப் போட்டி ஆண்டுக்கு ஒன்றுதான். மூன்று ஆண்டு ஆடிய மாணவனுக்குக்கூட ஆறு இன்னிங்ஸுக்கு மேல் கிடைக்காது. பூச்சியத்தில் நிற்கும்போது எதிரணி நழுவவிட்ட ஒரு பிடி போதும், சராசரி எங்கோ போய்விடும். மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி கன்டோம் 1948இல் ஒரேயொரு டெஸ்ட் ஆடினார், அதில் ஒரே இன்னிங்ஸ். எடுத்த ஓட்டம் 112, எனவே சராசரியும் 112. அவுஸ்திரேலியாவின் பிரட்மனின் டெஸ்ட் சராசரி 99.94 பட்டியலில் அதற்குக் கீழே போகிறது. ஆனால் பிரட்மன் 80 இன்னிங்ஸ் ஆடி, 70 தரம் ஆட்டமிழந்து அந்த எண்ணில் நின்றவர். இருவரையும் ஒரே வரிசையில் வைப்பது கன்டோமுக்கும் நியாயமில்லை.

அடுத்தது, ஆட்டமிழக்காமல் நிற்பது. ஓட்டங்களை இன்னிங்ஸால் அல்ல, ஆட்டமிழந்த தடவைகளால்தான் பிரிக்கிறோம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 1953இல் இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போன அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் பில் ஜோன்ஸ்டன் அங்கே 17 இன்னிங்ஸில் எடுத்தது மொத்தம் 102 ஓட்டங்கள். ஒரே ஒரு தரம்தான் ஆட்டமிழந்தார், ஆகவே சராசரி 102! இன்னிங்ஸுக்கு எத்தனை என்று பார்த்தால் வெறும் 6. 1999 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னரின் சராசரி 140.50. அங்கேயும் 8 இன்னிங்ஸில் 6 தடவை ஆட்டமிழக்கவில்லை. ஆனால் இன்னிங்ஸுக்கு 35 ஓட்டங்கள். கடைசியில் இறங்கி அடித்தவருக்கு அது அருமையான எண். அதனால் பின்வரிசை ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சராசரி ஒன்றாக இருந்தால் ஆட்டமும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஒரு பெடியன் 0, 4, 102, 3, 1 எடுக்கிறான். இன்னொருவன் 18, 25, 20, 27, 20. இருவரும் எல்லா இன்னிங்ஸிலும் ஆட்டமிழந்தவர்கள், இருவருக்கும் சராசரி 22. சாதாரண தரக் கணிதத்தில் படித்த இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுத்துப் பாருங்கள்: முதலாமவனுக்கு 3, மற்றவனுக்கு 20. மூன்றாவதாகத் துடுப்பெடுத்தாட நான் யாரைத் தெரிவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரே எண்ணுக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள் ஒளிந்திருப்பதும் உண்டு. சங்கக்காரவின் டெஸ்ட் சராசரி 57.40. விக்கெட் காத்த போட்டிகளில் அது 40 அளவில்தான். கையுறையைக் கழற்றிய பிறகு 66ஐத் தாண்டியது. பந்துவீச்சிலும் எண் தனியே நிற்காது. அங்கே சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள், குறைவாக இருந்தால்தான் நல்லது. முரளிதரனின் 22.72 சிறப்பாகத் தெரிவது பக்கத்தில் 800 விக்கெட்டுகள் இருப்பதால்.

கடைசியாக, நானே செய்த பிழை. எங்கள் கழகத்தில் சிறந்த துடுப்பாட்ட வீரர் பரிசுக்குக் கணக்குப் போட்டபோது, இரண்டு பருவச் சராசரிகளைக் கூட்டி இரண்டால் பிரித்தேன். ஒருவர் ஒரு பருவத்தில் இரண்டு தரம் மட்டும் ஆட்டமிழந்து 90 ஓட்டங்கள், சராசரி 45. மற்றதில் பத்துத் தரம் ஆட்டமிழந்து 150, சராசரி 15. எனக்கு வந்த விடை 30. சரியான கணக்கு 240ஐ 12ஆல் பிரிப்பது: 20. பரிசு அவருக்கே போய்விட்டது. இரண்டு பருவமும் 26இல் நிலைத்து ஆடிய இன்னொரு பெடியன் கைதட்டிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து மொத்த ஓட்டம், இன்னிங்ஸ், ஆட்டமிழந்த தடவை மூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் சராசரிக் கட்டத்தை நிரப்புகிறேன்.