கடைக்கு வாடகை பேசும் முன்: சிங்கப்பூரில் கையெழுத்துக்கு முந்தைய வேலைகள்

சிராங்கூன் சாலையிலோ கேம்பல் லேனிலோ ஒரு கடை காலியாகிறது என்று காதில் விழுந்தால், வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் முன்பணத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தகராறு என்று வந்தால் இங்கே தாளில் இருப்பதுதான் நிற்கும். "நான் பார்த்துக்கிறேன் தம்பி" என்று சொன்னவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் அப்படித்தான்.

வாடகையைக் கேட்பதற்கு முன்பே, அந்த இடம் எதற்கு அனுமதிக்கப்பட்டது என்று கேளுங்கள். துணிக்கடையாக இருந்த இடம் தானாக உணவகமாகிவிடாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளக் கடை என்றால் வீவகவையும் கேட்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் தேவை. தொழிற்பேட்டை யூனிட்டில் வாடகை மலிவு என்று போகிறவர்கள் உண்டு. அங்கே குறைந்தது 60 சதவீத இடம் உற்பத்தி, கிடங்கு போன்ற தொழில்துறை வேலைக்கே பயன்பட வேண்டும். மளிகைக் கடை போட முடியாது. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளோ 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருப்பவை. முகப்பில் கை வைக்கவும் பெயர்ப்பலகை மாட்டவும் விதிகள் உண்டு.

நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது டேக்ஓவரில்தான் என்பது என் கருத்து. நடக்கிற கடையை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாடிக்கையாளர் எல்லாம் சேர்த்து ஒரு தொகைக்குக் கைமாற்றுவார்கள். பணம் வாங்குகிறவர் பெரும்பாலும் கட்டட உரிமையாளர் அல்ல, அவரும் வாடகைக்காரர். அவருடைய ஒப்பந்தத்தில் உள்வாடகைக்குத் தடை இருந்தால், உரிமையாளர் அந்த ஒப்பந்தத்தையே முறிக்கலாம். உங்களுக்கும் அங்கே இடம் இருக்காது. அதனால் மூல ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இன்னும் எத்தனை மாதம் பாக்கி, வாடகை நிலுவை உண்டா, டெபாசிட் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உண்மையான உரிமையாளர் யார் என்பதை சிங்கப்பூர் நில ஆணையத்தின் பதிவேட்டில் சிறு கட்டணத்துக்குத் தெரிந்துகொள்ளலாம். அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் கைக்கு வரும்வரை ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) கொடுக்காதீர்கள். உணவங்காடி நிலையத்தில் அரசாங்கக் கடையை யாராவது உள்வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அது அனுமதிக்கப்படுவதில்லை.

சரி, இடம் பிடித்துவிட்டது. அடுத்து ஏஜெண்ட் ஓர் எல்ஓஐ, அதாவது ஒப்பந்தத்துக்கு முந்தைய விருப்பக் கடிதம், நீட்டுவார். "சும்மா ஒரு கடிதம்தான்" என்பார்கள். வாசகத்தைப் பொறுத்து அதுவே உங்களைக் கட்டிப்போடலாம். பின்வாங்கினால் கொடுத்த பணம் போகலாம். உரிமமும் பயன்பாட்டு அனுமதியும் கிடைக்காவிட்டால் டெபாசிட் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரியை அதிலேயே எழுதி வாங்குங்கள். ரினவேஷன் நடக்கும் வாரங்களுக்கு வாடகை உண்டா இல்லையா என்பதும் அங்கேயே தீர வேண்டும்.

ஒப்பந்தத்தில் தனிநபர் உத்தரவாதம் என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். நிறுவனத்தின் பெயரில் கையெழுத்திட்டாலும், அது இருந்தால் கடன் உங்கள் சொந்தச் சேமிப்பைத் தேடி வரும். காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் பெரிது. சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் உரிமையாளர் சம்மதமின்றித் தங்கினால், சட்டப்படி இரட்டை வாடகை கேட்க அவருக்கு உரிமை உண்டு. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் வாடகைக்கு மேல் 9 சதவீதம் வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

2024 பிப்ரவரி 1 முதல் சில்லறைக் கடை வாடகைக்குத் தனிச் சட்டம் நடப்பில் உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட கடை, உணவக ஒப்பந்தங்கள் அதன் நடத்தை நெறிகளைப் பின்பற்ற வேண்டும். அடிப்படை வாடகை, விற்பனையில் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது என்ற பழைய கணக்கு இதன்படி பொதுவாகக் கூடாது. ஏஜெண்ட் "இங்கே வழக்கம் இப்படித்தான்" என்றால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பொதுவாக அது வாடகைக்காரர் பொறுப்பு. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 6,000 வெள்ளி, மூன்று ஆண்டு என்றால் 864 வெள்ளி. கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

வீட்டு வாடகைத் தகராறு போலக் கடை வாடகைத் தகராறைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சமரசம் இல்லையென்றால் வழக்குதான், அதன் செலவு சிறு வியாபாரியைச் சாய்த்துவிடும். ஆகவே வழக்கறிஞருக்கு என்று ஒதுக்கிய பணத்தை எல்ஓஐயில் கையெழுத்திடுவதற்கு முன்பே செலவழியுங்கள்.