பனிக்காலத்தில் எலி உள்ளே வருவது எந்த வழியில்?

டிசம்பரில் ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கினால் எலிக்கும் குளிரத்தானே செய்யும்? நேராகச் சமையலறைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் பலகை சீலிங்குக்கு மேலே ராத்திரி முழுக்க ஓட்டப்பந்தயம்.

முதலில் விஷம் வைத்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எலி சீலிங்குக்குள் போய்ச் செத்துவிட்டது. குளிரில் சீக்கிரம் காயவும் இல்லை, நாற்றம் போக வாரக்கணக்கானது.

அப்புறம்தான் ஓட்டை தேடினேன். அரை அங்குல இடைவெளி போதும், எலி நுழைந்துவிடும்; சுண்டெலிக்குப் பென்சில் பருமனே தாராளம். சிங்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், தகரக் கூரை சுவரில் உட்காரும் இடம், கதவடி, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணி, தெர்மாகோல் வைத்து அடைத்தால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுகத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள்.

உள்ளே மாட்டிக்கொண்டதற்குக் கூண்டு. புதுப் பொருளென்றால் எலி சந்தேகப்படும். இரண்டு மூன்று நாள் கூண்டின் கதவு மூடிக்கொள்ளாதபடி திறந்தே கட்டி, சுவரோரமாகக் கருவாட்டுத் துண்டோடு விட்டுவையுங்கள், பிறகு எலி இழுத்தால் மூடும்படி மாட்டுங்கள்.

புழுக்கையை உலர்வாகப் பெருக்க வேண்டாம். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, கையுறை போட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்டு. சுவரோடு அடுக்கிய விறகையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காரின் பானெட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள், சூடான இன்ஜின் அதற்குப் பிடித்த படுக்கை.