கொழும்பு வெயிலில் சைக்கிள் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வேறு வழியின்றிச் சைக்கிளில் ஏறிய கொழும்புவாசிகள் பலர், பெற்றோல் வரிசைகள் மறைந்த பின்னரும் அதிலிருந்து இறங்கவில்லை. வேலைக்குப் போவதற்கென வாங்கிய வண்டி, இன்று ஞாயிறு அதிகாலையில் வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறை வரை போய்த் திரும்பும் வண்டியாகிவிட்டது. இவர்கள் பின்பற்றும் பயிற்சித் திட்டங்களோ பெரும்பாலும் ஐரோப்பியக் கோடையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அங்கே கோடை என்றால் குளிர் விலகி, பகல் நீண்டு, நெடுந்தூரம் ஓடுவதற்கு வாய்ப்பான பருவம். இங்கே பங்குனியும் சித்திரையும் அப்படிப்பட்டவை அல்ல. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நகர்ந்து செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் தொடங்காததால் காற்றும் ஓய்ந்து கிடக்கும். கீழே வரும் தவறுகளில் பாதி, இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

"விடியுமுன் கிளம்பினால் வெப்பப் பிரச்சினை இல்லை" என்ற நம்பிக்கையை முதலில் சொல்ல வேண்டும். கிளம்புவது சரிதான்; அந்த நேரத்தை நம்பி முழு வேகத்தில் மிதிப்பதே தவறு. கொழும்பில் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் விடியற்காலையிலேதான் ஈரப்பதன் மிக உயர்ந்திருக்கும், பல நாட்களில் 90 சதவீதத்தை நெருங்கும். மிதிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெடலுக்குப் போவதில்லை. மீதியெல்லாம் வெப்பமாக உடலுக்குள்ளேயே சேர்கிறது. அதை வெளியேற்றும் பிரதான வழி வியர்வை ஆவியாவது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டுப் போகும். ஆனால் ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டுகிறது. சொட்டிப்போன வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, நீரை மட்டுமே இழக்கச் செய்கிறது. சற்று வெயில் ஏறியபின் 31 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால், நிழலில் சும்மா நிற்பவருக்கே அது 39 பாகை போல உணரப்படும். வளிமண்டலவியல் திணைக்களம் இந்தப் பருவத்தில் விடுக்கும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை, வெப்பநிலையோடு இந்த ஈரப்பதனையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. ஆகவே தொலைபேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுவது போதாது.

அடுத்தது வேகத்தைப் பயிற்சியின் அளவுகோலாக வைத்துக்கொள்வது. தியவன்னா ஓயாவைச் சுற்றி ஜனவரியில் 28 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியவர், ஏப்ரலிலும் அதே 28ஐப் பிடிக்க நினைக்கிறார். வெப்பத்தில் இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்க, அதை ஈடுசெய்யத் துடிப்பு கூடுகிறது. அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 10, 15 துடிப்புகள் ஏறுவது சாதாரணம். இலகுவான பயிற்சி என்று குறித்த நாள், உடலைப் பொறுத்தவரை கடினமான நாளாகிவிடும். இந்த இரண்டு மாதங்களுக்கு இதயத் துடிப்பையோ, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்பதையோ அளவாகக் கொண்டால் போதும். செயலியில் நண்பர்களின் நேரத்தோடு போட்டியிடுவதை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைப்பதால் எவருடைய மானமும் போய்விடாது.

"நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு இது பழக்கம்" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை குளிரூட்டிய அலுவலகத்திலும், குளிரூட்டிய வாகனத்திலும், இரவில் குளிரூட்டிய அறையிலும் இருந்துவிட்டு, ஞாயிறன்று மட்டும் நான்கு மணிநேரம் வெயிலில் மிதிப்பவரின் உடல் எதற்கும் பழகியிருக்காது. வெப்பத்தில் உழைப்பதற்கு உடல் இசைவாக 10 முதல் 14 நாட்கள் வேண்டும்; அந்த நாட்களில் ஏறக்குறைய தினமும் ஒரு மணிநேரமாவது மிதமான வேகத்தில் வியர்க்க வேண்டும். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். சில வாரங்கள் விட்டால் இந்த இசைவு கரைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமையின் 80 கிலோமீற்றரைவிட, கிழமை நாட்களில் மரைன் டிரைவில் மிதிக்கும் சிறு சிறு தூரங்களே இந்தப் பருவத்தில் அதிகப் பயன் தருபவை.

குடிப்பதில் நடக்கும் தவறுகள் இரண்டு திசையிலும் உண்டு. தாகம் எடுத்தபின் பார்க்கலாம் என்று ஒரே போத்தலோடு கிளம்புபவர் ஒருவகை. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்பவர் இன்னொரு வகை. இரண்டாவது ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. 2002ஆம் ஆண்டின் பொஸ்டன் மரதனை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதமானோரிடம் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்கே அந்த ஆபத்து மிகுதியாக இருந்தது. உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை வீட்டுத் தராசே சொல்லும். புறப்படுமுன்னும் திரும்பியபின் உடலைத் துடைத்துவிட்டும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும், வழியில் குடித்ததற்கு மேல் நீங்கள் இழந்த ஒரு லீற்றர். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த தடவை கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை ஏறியிருந்தால் குறைக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. காய்ந்த கறுப்பு மேற்சட்டையின் முதுகிலும் தலைக்கவசப் பட்டியிலும் வெள்ளைக் கோடுகள் படிந்திருந்தால், நீங்கள் உப்பை அதிகம் இழப்பவர் என்று கொள்ளலாம். ஒரு லீற்றர் வியர்வையில் அரைக் கிராம் முதல் ஒன்றரைக் கிராமுக்கு மேலும் சோடியம் இருக்கக்கூடும். வீதியோரத்தில் செவ்விளநீர் வெட்டிக் குடித்தால் அது ஈடாகிவிடும் என்று நம்புகிறோம். செவ்விளநீர் நல்ல பானம்தான், ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். மருந்துக்கடையில் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூளான ஜீவனியில் சோடியம் போதிய அளவு உண்டு. எனினும் அது வயிற்றோட்டத்துக்கென அமைந்தது. சீனி குறைவு என்பதால் நீண்ட பயணத்துக்கான சக்தியை அது தராது. ஒரு லீற்றர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, நான்கு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேசிக்காயின் சாறு சேர்த்தால் இரண்டும் கிடைக்கும், செலவும் குறைவு. உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

சாப்பாட்டில், கொழுப்பைக் கரைக்கிறோம் என்று வெறும் வயிற்றில் மூன்று மணிநேரம் மிதிப்பதே பெரிய தவறு. ஒரு மணிநேர மென்பயிற்சிக்கு அது பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை: ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் உண்டு, சட்டைப் பையில் போட்ட சில பனங்கட்டித் துண்டுகளும் பேரீச்சம்பழமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பயணம் முடிந்ததும் கடையில் ரோல்ஸும் வடையும் சாப்பிட்டுக் கலைவது இங்கே வழக்கம். நட்புக்கு அது நல்லது, தசைக்கு அவ்வளவாக அல்ல. வீட்டுக்குப் போய்ச் சோறும் பருப்பும் மீனும் சாப்பிட்டால்தான் தசைக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்.

உயிரையே பறிக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. வெப்ப அதிர்ச்சி என்றால் வியர்வை நின்று தோல் உலர்ந்துவிடும் என்று எண்ணி, வியர்த்துக்கொண்டிருக்கும் நண்பரை "களைப்புத்தான்" என்று நிழலில் உட்காரவைத்துவிடுவார்கள். உடலுழைப்பால் வரும் வெப்ப அதிர்ச்சியில் வியர்வை தொடர்ந்தும் வழியலாம். கவனிக்க வேண்டியது புத்தி தடுமாறுவதை: பேச்சு குழறுவது, காரணமில்லாத கோபம், நேராக ஓட்ட முடியாமை. அப்போது 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் கிடைக்கும் குளிர்நீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. பரசிட்டமோல் இந்தச் சூட்டைக் குறைக்காது.

புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் இந்த மாதங்களின் நண்பகலில் 11ஐத் தாண்டும். நீளக்கை மேற்சட்டையும் கழுத்துக்குப் பூசும் கிறீமும் ஆடம்பரமல்ல. கடற்கரையோரமாக ஓடியவர்கள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட மறக்க வேண்டாம்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை தனிப் பொறி. ஊருக்குப் போனவர்கள் போக, காலி வீதியே வெறிச்சோடிக் கிடக்கும்; ஆண்டு முழுவதும் பஸ்களுக்கு அஞ்சியவர்களுக்கு ஆசை வந்து, வழக்கத்தைவிட இரட்டிப்புத் தூரம் போகத் தோன்றும். அந்த நாட்களில் கடைகளும் மூடியிருப்பதால் மொறட்டுவைக்கு அப்பால் ஒரு போத்தல் தண்ணீர் கிடைப்பதே பாடாகிவிடும். தேவையான அனைத்தையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது வீட்டைச் சுற்றிச் சிறு வட்டங்களாக ஓட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் மாலையில் போகலாம் என்பவர்கள் வானத்தைப் பார்க்க வேண்டும்: பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த மாதங்களின் பிற்பகல்களிலேதான் இடிமின்னல் மிகுதி. காலிமுகத்திடல் போன்ற வெட்டவெளியில் இருக்கும்போது இடி கேட்டால், மரத்தடியில் ஒதுங்காமல் ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்; கடைசி இடிக்குப் பின் அரை மணிநேரம் கழியும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம்.