ஹாம் ரிப்பீட்டருக்கு இடம் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையூர்கள் பலவற்றில் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போனதைக் கண்டவர்களுக்கு, நமக்கென ஒரு ஹாம் ரிப்பீட்டர், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களின் குரலை வாங்கி மேலும் தொலைவுக்கு மறுஒலிபரப்பும் கருவி, வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஹாம்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பட்டையின் (144 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் அலைவரிசைகளின்) அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், இடம் தேடுவோரின் கண் முதலில் மேற்கே பொதிகை மலைத்தொடரில்தான் போய் நிற்கும். தவறும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.

மாஞ்சோலை, முண்டந்துறைப் பகுதிகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ள அவ்விடத்தில், ஒரு சிறு கம்பம் நடுவதற்கும் வனத்துறையின் இசைவு வேண்டும். அது கிடைத்தாலும் அலைவரிசைக்கான அனுமதி ஆகிவிடாது.

தம் ஹாம் உரிமமே ரிப்பீட்டருக்கும் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. 1978ஆம் ஆண்டு அமெச்சூர் வானொலி விதிகளின்படி பெறும் உரிமம், குறிப்பிட்ட முகவரியில் ஒருவர் இயக்கும் நிலையத்துக்கானது. ஆளில்லாமலே பிறர் குரலை வாங்கி மறுஒலிபரப்பும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (வானலைத் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவிடம் தனி உரிமமும், நிறுவுமிடத்துக்கு சாக்ஃபா (அலைவரிசை ஒதுக்கீட்டுக்கான நிலையான ஆலோசனைக் குழு) அனுமதியும் பெற வேண்டும். விமானப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் உண்டா, ஏற்கெனவே இயங்கும் நிலையங்களுக்குக் குறுக்கீடு நேருமா என்பதையெல்லாம் அங்கே பார்ப்பார்கள். வாகைக்குளம் விமான நிலையமும் விஜயநாராயணம் கடற்படைத் தளமும் நம் பக்கத்திலேயே இருப்பதை நினைவில் கொள்க. விண்ணப்பத்தில் கட்டட உயரத்தையும் அதன் மேலுள்ள கம்பத்தின் உயரத்தையும் குழப்பிவிடக் கூடாது. அனுமதி கிடைத்தபின் பக்கத்து மாடிக்கு மாற்றினாலும், கம்பத்தை உயர்த்தினாலும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், மலையை விட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு மாடியைப் பார்ப்பதே மேல். 30 மீட்டர் உயர ஆன்டெனாவுக்குச் சமவெளியில் வானலை அடிவானம் (பூமியின் வளைவு மறைக்கும்வரை அலை எட்டும் தூரம்) கணக்குப்படி ஏறத்தாழ 22 கிலோமீட்டர். எதிர்முனையில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 35 கிலோமீட்டர் வரை எட்டும். பழுது பார்க்க நள்ளிரவில் காட்டுக்குள் போகவும் வேண்டாம்.

இடம் அமைந்தபின் அலைவரிசையிலும் கவனம் வேண்டும். அமெரிக்க அட்டவணைகளில் இப்பட்டை 148 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. இந்தியாவில் 144 முதல் 146 வரை மட்டுமே. மலிவான கைக்கருவிகள் 174 வரை ஒலிபரப்பும் என்பதால், உள்வரும் அலைவரிசை, வெளிச்செல்லும் அலைவரிசை இரண்டுமே இவ்வெல்லைக்குள் அமைகின்றனவா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும்.