வீட்டில் குடும்ப ஜெபம்: புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

“பிள்ளையள சண்டே ஸ்கூலுக்கு அனுப்புதோம், மே மாசம் வி.பி.எஸ்.சுக்கும் (விடுமுறை வேதாகமப் பள்ளி) அனுப்புதோம். அது போதாதா?” என்று கேட்கிற பெற்றோர் நம் திருநெல்வேலிப் பக்கம் நிறைய உண்டு. ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்கள் கண் முன்னால்தான் வளர்கிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கையிலும் வழியில் நடக்கையிலும் பிள்ளைகளோடு பேசு என்று மோசே சொல்வது ஊர் ஜனம் முழுவதுக்கும். ஆசாரியர் பார்த்துக்கொள்வார் என்று அவர் விட்டுவிடவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

1. நேரத்தை முடிவு செய்யுங்கள்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னது தூங்கிவிடும், பெரியது போனை எடுத்துவிடும். மொத்தம் பத்து நிமிடம் போதும். சமையல் பாதியில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். பீடி சுற்றுகிற வீடென்றால் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு உட்காருங்கள். டி.வி.யைச் சத்தம் குறைத்து ஓடவிடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

அப்பாவும் உட்கார வேண்டும். அம்மாவும் ஆச்சியும் பாயில் இருக்க, அப்பா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தால், இது ஆம்பிளைகளுக்கு உள்ள காரியம் இல்லை போல என்று பையன் முடிவு கட்டிவிடுவான். வெளியூரில் வேலை பார்க்கிற அப்பா வீடியோ காலில் வரலாம்.

2. ஒரு பாட்டு

கீர்த்தனை என்றால் பல்லவியும் ஒரு சரணமும். அவ்வளவுதான். ஏழு சரணத்தையும் இழுத்தால் பிள்ளை கொட்டாவி விடும். வாரம் முழுக்க ஒரே பாட்டைப் பாடினால் புத்தகம் இல்லாமலே வாயில் நின்றுவிடும். நாம் பாடுகிற கீர்த்தனைகளில் பலவற்றை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர் என்று ஒருநாள் சொல்லிவையுங்கள். நம்ம ஊர்க்காரர் என்றால் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி.

3. வேதம் வாசிப்பது

ஆதியாகமத்திலிருந்து வரிசையாக ஆரம்பிக்கிற வீடுகள் பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடும். மத்தேயுவில் தொடங்கினால் முதல் பக்கமே வம்ச வரலாறு. ஆகவே மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், வேகமாக ஓடும் கதை. ஒரு நாளைக்குப் பத்து வசனம் வாசித்தாலும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும்.

முறை வைத்து ஆளுக்கு இரண்டு வசனம் வாசியுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை ‘திமிர்வாதக்காரன்’ (முடக்குவாத நோயாளி) என்ற இடத்தில் கண்டிப்பாகத் தடுக்கி விழும். சிரிக்காதீர்கள், அவசரப்பட்டு எடுத்தும் கொடுக்காதீர்கள். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கட்டும். நம் வீடுகளில் பல பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே தமிழ் வாசிக்கக் கிடைக்கிற ஒரே இடம் இதுதான். அந்த லாபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசித்து முடித்ததும் பிரசங்கம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. “இதுல ஒனக்கு எது பிடிச்சிருந்து?” அல்லது “நீ அங்க நின்னிருந்தா என்ன செஞ்சிருப்ப?” மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்து நோயாளியைக் கீழே இறக்குகிறார்கள் அல்லவா? “அப்பா, பிரிச்ச கூரைய யாரு சரி பண்ணிக் கொடுத்தா?” என்று ஒரு எட்டு வயசுக்காரன் கேட்டால், கதையை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறான் என்று நினைக்க வேண்டாம். அவன் அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டான். “தெரியலயே, நீ என்ன நெனைக்க?” என்று திருப்பிக் கேளுங்கள். சரியான பதிலை நீங்கள் சொல்லி முடித்துவைத்தால், மறுநாள் கேள்வி வராது.

4. வசனம் மனப்பாடம்

வாரத்துக்கு ஒன்று. 23-ஆம் சங்கீதம் ஆறே வசனம், ஒன்றரை மாதத்தில் முழுவதும் வந்துவிடும். அடுத்து 121. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டை வாசலில் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? அதிலிருந்தே தொடங்கலாம். பரிசு கொடுத்துப் படிக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை. போட்டிக்குப் படித்த வசனம் போட்டி முடிந்ததும் போய்விடும்.

5. ஜெபம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மாதிரித்தான்: “ஆண்டவரே, இந்தப் பிள்ள படிக்கவே மாட்டேங்கான். எந்நேரமும் போனு. எதுத்துப் பேசுதான். நீரே இவனுக்குப் புத்தியக் கொடும்.” கண் மூடியிருக்கிறது, வார்த்தை எல்லாம் பையனுக்கு. திருப்பிப் பதில் சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தி வைத்துத் திட்டுவதுதான் இது. நாலு நாள் இப்படி நடந்தால், ஐந்தாம் நாள் ஜெப நேரத்தில் அவனுக்கு வயிறு வலிக்கும். கண்டிக்க வேண்டியதை வேறு நேரத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கண்டியுங்கள்.

ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி, அன்றைக்கு அவன் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். தங்கச்சிக்கு மிட்டாயில் பாதி கொடுத்தது போதும். காலையில் நீங்கள் காரணமில்லாமல் கத்தியிருந்தால், “அப்பா இன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சுக்கோ” என்று ஜெபத்துக்கு முன்னால் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். மன்னிப்பைப் பற்றி எத்தனை பாடம் எடுத்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் ஜெபிக்கட்டும். ஆட்டுக்குட்டிக்குக் கால் சரியாகணும், கரண்ட் போகக் கூடாது, நாளைக்கு இந்தியா ஜெயிக்கணும் என்றெல்லாம் வரும். திருத்தாதீர்கள். பேச வராத பிள்ளைக்கு மூன்று வரி சொல்லிக்கொடுங்கள்: ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, இன்னொருவருக்காக ஒரு விண்ணப்பம். அந்த மூன்றாவதை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடக்கிற பக்கத்து வீட்டுத் தாத்தா பெயர் அதில் வரட்டும். மறுநாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை இப்போது ஓரளவு வளர்ந்த பிள்ளைகள் மறந்திருக்காது. தண்ணீர் புகுந்த தெருக்களில் யார் யார் சோறு கொண்டுவந்தார்கள் என்று பேசினால், ஜெபம் எங்கே போய் முடிய வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கும்.

6. கையால் கொடுக்கப் பழக்குவது

உலை வைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தால், மறுபடி ஆரம்பியுங்கள். பிடியைப் பிள்ளை போடட்டும். காணிக்கையும் அப்படியே, ஆலய வாசலில் வைத்து அவசரமாக நீட்டாமல் சனிக்கிழமை ராத்திரியே அவன் கையில் கொடுத்துவிடுங்கள். இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்று உழைத்த அசரியா, வெள்ளாளன்விளைக்காரர். காணிக்கை எங்கே போகிறது என்று பிள்ளை கேட்டால், இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

7. வருஷத்துக்கு ஒரு பயணம்

இடையன்குடிக்குப் போய் வாருங்கள். தமிழ்ப் பாடத்தில் பேர் படித்த கால்டுவெல்லின் கல்லறை அங்கே ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. 1847-இல் தொடங்கிய அந்தக் கட்டடம் 1880-இல்தான் முடிந்தது. கணக்குப் போடப் பிள்ளையிடமே விடுங்கள்.

8. பக்கத்து வீட்டுக் கொடை

தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடக்கும், வில்லுப்பாட்டு விடிய விடியக் கேட்கும். “அவங்க ஏன் வேற சாமி கும்பிடுதாங்க?” என்று கேள்வி வரும். நாம் நம்புவது இது, அவர்கள் நம்புவது அது என்று நேராகச் சொல்லுங்கள். கேலி மட்டும் கூடவே கூடாது. வீட்டில் கேட்ட கேலியைப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதனிடம் அப்படியே போய்ச் சொல்லும்.

9. பிள்ளை வளர்ந்த பிறகு

பத்தாம் வகுப்பு வந்ததும் “எனக்கு ஜெபம் பண்ண வரல” என்பான். வாசிக்க மட்டும் சொல்லுங்கள், அல்லது பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கட்டும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வருகிறவனுக்காக வீடே பட்டினியாகக் காத்திருக்க வேண்டாம். அவன் சாப்பிடும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு வாசித்ததை இரண்டு வரியில் சொன்னால் போதும். பதில் தெரியாத கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு சபை ஐயரிடம் (போதகரிடம்) போங்கள். அங்கே கேள்வியை அவனே கேட்கட்டும்.