சங்கத்துக்காரர் என்றால் நிறுவனத்துக்கு ஆகாதவரா?

ஆயுத பூஜையன்று ஒரு தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். போன வாரம் தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்டத்தில் நிர்வாகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்தான் தன் லேத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சூட்டிக்கொண்டிருப்பார். இந்த இரண்டில் ஒன்று நடிப்பாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது மேலாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சங்கப் பற்று கூடினால் நிறுவனப் பற்று குறையும் என்று தராசுக் கணக்குப் போடுகிறார்கள். 1950களிலேயே சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்களைப் பேட்டி கண்ட ஆய்வாளர் தியடோர் பர்செல், பெரும்பாலோருக்கு இரண்டின் மீதும் பற்று இருந்ததைக் கண்டார்.

இதைவிடச் செலவு வைக்கும் தவறு, உற்பத்தி சரிந்ததும் சங்கத்தைக் கைகாட்டுவது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டபோது அப்படித்தான் பேசினார்கள். சொல்லாமல் விடுப்பு எடுப்பவர்கள் அங்கே அவ்வளவு அதிகம். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதே ஆலை திறந்தது. சங்கமும் அதேதான்; தொழிலாளர்களிலும் பெரும்பாலோர் பழையவர்களே. மாறியது நடத்திய விதம். பழுது கண்ணில் பட்டால் கயிற்றை இழுத்து அசெம்பிளி லைனையே நிறுத்தும் உரிமை கடைநிலைத் தொழிலாளிக்கும் கிடைத்தது. ஆட்குறைப்பு கடைசி வழியாகத்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தார்கள். 1988இல் விற்பனை படுத்தபோது ஆட்களை அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். விடுப்பு வெகுவாகக் குறைந்தது. காரின் தரமும் உயர்ந்தது.

இதைப் படித்துவிட்டு, சங்கம் வந்தாலே உற்பத்தி பெருகும் என்று தலைவர்கள் மேடையில் முழங்குவதும் தவறுதான். பழைய ஃப்ரீமான்ட்டிலும் சங்கம் இருந்ததே!

சந்தா கட்டுகிறவரையெல்லாம் தீவிர சங்கத்துக்காரராகப் பட்டியலிட வேண்டாம். சம்பளத்தில் பிடிப்பதால் கட்டுபவர் உண்டு. கூட்டத்துக்கு வந்து, சக தொழிலாளியின் மெமோவுக்குப் பதில் எழுதிக்கொடுப்பவர் வேறு ரகம். இந்த இரண்டாமவரைத்தான் நிர்வாகம் முதலில் இடமாற்றம் செய்யும். என் பார்வையில் அது சுத்த அசட்டுத்தனம். எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும் என்பதும் பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

வேலைத்திறனை அளப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. விதியில் எழுதியதை மட்டும் செய்யும் ‘விதிப்படி வேலை’ போராட்டத்தில் யாரும் விதியை மீறுவதில்லை. ஆனாலும் உற்பத்தி படுத்துவிடுகிறது. அப்படியானால் மற்ற நாட்களில் விதியில் இல்லாத எத்தனையோ வேலைகளை அவர்கள் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.