இங்கிலாந்து ஊர்ப்புற மாளிகைகள்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் ஊர்ப்புறத்தில் ஒரு நாளைக் கழிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘எது பெரிய இடம், எது பிரபலம்?’ என்றுதான் தேடுகிறார்கள். முதல் தவறு அதுவே. ‘இந்த வாரம் அங்கே என்ன பார்க்கக் கிடைக்கும்?’ என்று தேடுங்கள்.

கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930-இல் பாழடைந்து கிடந்த இடத்தை வாங்கி உருவாக்கியது. வெள்ளைப் பூக்களுக்கென்றே ஒதுக்கிய பகுதியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆனால் அதன் நடுப்பந்தலில் படர்ந்திருக்கும் வெள்ளை ரோஜா ஆண்டுக்கு ஒரே முறை, ஜூலைத் தொடக்கத்தையொட்டித்தான் பூக்கும். பள்ளி விடுமுறை என்று ஆகஸ்ட் பாதியில் போனால் தோட்டம் அப்போதும் அழகுதான். அந்தப் பந்தலின் வெண்மை மட்டும் முடிந்திருக்கும். காடுகளில் நீலக் கம்பளமாக விரியும் ப்ளூபெல் பூக்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும். வில்ட்ஷரில் உள்ள ஸ்டோர்ஹெட் தோட்டத்துக்கு மே மாதம் ரோடோடென்ட்ரான் பூக்கள், அக்டோபர் கடைசியில் இலைகளின் நிறம். குளிர்காலத்தில் பல இடங்களில் தோட்டம் மட்டுமே திறந்திருக்கும். மாளிகையை மூடிவிட்டுப் பொருட்களைத் துடைத்துப் பழுது பார்க்கும் காலம் அது.

அடுத்தது, ஒரே நாளில் இரண்டு மூன்று மாளிகைகளை அடக்கப் பார்ப்பது. ஸ்டோர்ஹெட்டில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஏரிக்கரையில் நின்று படமெடுத்துத் திரும்புகிறவர்கள் அந்தத் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ஹோர் 18-ஆம் நூற்றாண்டில் ஓடையை மறித்து ஏரியாக்கி, கரையைச் சுற்றிக் கோயில் போன்ற மண்டபங்களையும் குகையையும் கட்டினார். நடக்க நடக்க ஒன்று மறைந்து இன்னொன்று தெரியும்படி போட்ட பாதை அது. முழுச் சுற்றும் நடந்தால்தான் அவர் நினைத்தது நமக்குப் புரியும். தயவுசெய்து ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்.

மாளிகைக்குள் இருட்டாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். மின்சாரச் சிக்கனம் என்றுகூட நினைக்கிறார்கள். பட்டு, நெய்த சித்திரத் திரைகள், நீர்வண்ண ஓவியங்கள் எல்லாவற்றையும் வெளிச்சம் வெளுக்கச் செய்யும்; வெளுத்தது திரும்பாது. டெர்பிஷரின் ஹார்ட்விக் ஹால் 1590-களில் பெஸ் என்ற பெருஞ்செல்வச் சீமாட்டி கட்டியது, சுவரைவிடக் கண்ணாடியே அதிகம் என்று பேர் வாங்கிய வீடு. பைபிள் வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் அங்குள்ள 13 சித்திரத் திரைகளைச் செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் பிடித்தன. 2023-இல்தான் வேலை நிறைவுற்றது. அதை அறிந்தபின் ஃபிளாஷ் போட யாருக்கும் மனம் வராது. இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், கண் பழகிவிடும். அறை மூலையில் நிற்கும் முதியவரைக் காவலாளி என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் சம்பளமில்லாத் தொண்டர், அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஆவலோடு காத்திருப்பவர்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் உறுப்பினர் அட்டை எல்லா இடத்துக்கும் செல்லாது. பழைய கோட்டைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வேறு அமைப்பு. சாட்ஸ்வொர்த், பிளெனம், காஸில் ஹவர்ட் ஆகிய மாளிகைகள் இந்த இரண்டிலும் சேராதவை. ‘ஐந்து மணி வரை’ என்றிருந்தால் கடைசி நுழைவு அதற்கு முன்பே முடிந்திருக்கும். கிராமத்துப் பேருந்து ஞாயிறன்று ஓடுமா என்பதைக் கிளம்பும் முன்பே பாருங்கள். டிக்கெட்டில் கிஃப்ட் எய்ட் சேர்த்த விலை கூடுதல். நாம் தரும் நன்கொடைக்கான வரியை அறக்கட்டளை அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது; பிரிட்டனில் வரி கட்டுகிறவர்களுக்கானது, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்குத் தேவையில்லை. நேஷனல் கார்டன் ஸ்கீம் என்று ஒன்று 1927 முதல் நடக்கிறது: தனியார் வீட்டுத் தோட்டங்களைக் குறிப்பிட்ட நாட்களில் திறந்துவிட்டு, வசூலைச் செவிலியர், மருத்துவ அறப்பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். பெரிய மாளிகைகளையே சுற்றிக்கொண்டு இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நான் நினைப்பது, நம் நாட்டுப் பொருட்கள் முன்னால் நின்றும் ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்று கேட்காமல் நகர்வது. டெர்பிஷரின் கெடில்ஸ்டன் ஹால் 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சனின் பூர்வீக வீடு. கீழ்த்தளத்தில் அவர் ஆசிய நாடுகளில் சேர்த்தவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வீட்டை மாதிரியாக வைத்துத்தான், அவருக்கு நூறாண்டு முன்பே, கல்கத்தாவின் ஆளுநர் மாளிகையைக் கட்டினார்கள். இங்கிலாந்தின் எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் சிறிது தூரம் போனால் போவிஸ் கோட்டை. அங்கே திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது 1799-இல். எட்வர்டின் மனைவி, போவிஸ் கோட்டைக் குடும்பத்தில் பிறந்த ஹென்றியெட்டா, 1800-இல் மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ப் பகுதியையும் தமிழகத்தையும் சுற்றி வந்தவர். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பொருளுக்குக் கீழுள்ள குறிப்பு எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்பது கண்ணில் படும். பழைய துணிப்பொருட்களைப் பாதுகாப்புக்காக அவ்வப்போது காட்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். கூடாரத்துக்காகவே போகிறவர்கள் முதல் நாள் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.